நகைக்கடைக்குச் செல்லுமுன்
விவாகத்திற்கு ஆபரணம் வாங்கப் புறப்படும் குடும்பத்தார், மஞ்சள் பையில் ரொக்கத்தை எடுத்துவைக்குமுன், 2017 ஏப்ரல் 1 முதல் இந்திய வருமான வரிச் சட்டப்படி ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே வியாபாரத்திலோ, ஒரே வைபவத்தை முன்னிட்டோ 2 லட்சம் ரூபாயையோ அதற்கு மேற்பட்டதையோ ரொக்கமாகப் பெறலாகாது என்பதை அவசியம் நினைவிற்கொள்ள வேண்டும். தாலிச் சங்கிலிக்கு ஒரு பில், வளையலுக்கு மறு பில் என்று பிரித்தெழுதினாலும், ஒரே கல்யாணத்திற்கென ஒருவரே இரண்டு தவணையாகக் கொடுத்தாலும், மொத்தத் தொகையே கணக்கில் கொள்ளப்படும். அபராதமோ, பெற்ற ரொக்கத்திற்குச் சமமாகக் கடைக்காரர் மீதே விதிக்கப்படக்கூடுமாகையால், அவர் மறுத்தால் கோபங்கொள்வது நியாயமன்று. பெறுபவரின் கணக்கில் மட்டுமே வரவு வைக்கத்தக்க (‘அக்கவுண்ட் பேயீ’) காசோலை மூலமோ வங்கிக் கணக்கு வழியாகவோ பணம் செலுத்தி, எடை, தரம், செய்கூலி, சேதாரம் யாவும் குறித்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.