நிதியின் கேள்வி எது, உன் கேள்வி எது?

அன்புள்ள தங்கைக்கு,

விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஆய்வு மானியம் வாங்கியாக வேண்டும் என்று துறையில் நெருக்குகிறார்கள், எதற்குப் போடுவதென்று தெரியவில்லை அக்கா என்று எழுதியிருக்கிறாய். உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதையே கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இந்தப் பதிலை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நீ பெஸ்தாரி ஜெயா பெண். நம் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் எஸ்டேட் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. லயத்தில் பிறந்து, பால்மரமும் செம்பனையும் பார்த்து, கடைசியில் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த உன் உறவுக்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. உன் ஆய்வுக் கேள்வியும் அங்கேதான் பிறந்தது: நம் ஆட்களுக்கு இனிப்புநீர் வந்தால் சிறுநீரகம் ஏன் இத்தனை சீக்கிரம் போய்விடுகிறது? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். ஆகவே கேள்வியில் குறையில்லை. அதை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது என்பதுதான் பேச்சு.

பெரும்பாலோர் மானியத்தைத் தொகை பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலர் போன ஆண்டு பக்கத்து அறைக்காரருக்கு எது கிடைத்ததோ அதையே போடுகிறார்கள். பிறகு அந்த மானியத்துக்கு ஏற்றபடி தங்கள் கேள்வியைக் கத்தரிக்கிறார்கள். சட்டை இருக்கிறது என்பதற்காக ஆளை வெட்டுகிற வேலை அது. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அரசாங்கத்தின் ஒவ்வொரு நிதியும் தனக்கென்று ஒரு கேள்வியோடு வருகிறது. முதலில் அதன் கேள்வியைப் படி. உன் கேள்வியும் அதுவும் சந்திக்கும் இடம் இருந்தால் போடு. இல்லையென்றால் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விட்டுவிடு.

இது புதிய ஞானம் இல்லை. நம் தோட்டங்களின் மருத்துவ வரலாறே இதற்குச் சாட்சி. 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியபோது மலேரியாவும் பெரிபெரியும் தொழிலாளரை வாரிக்கொண்டு போயின. பால்மரக் காட்டுக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் ஆள் வேண்டும், ஆள் சாகக்கூடாது. அரசாங்கப் பணத்தின் கேள்வி அது. கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவைக் குறைத்தார். பிறகு தோட்டங்களிலேயே மருத்துவராக இருந்து, கொசு இனத்துக்கு ஏற்பத் தடுப்பு முறையும் மாற வேண்டும் என்று காட்டி, 1911-இல் நூலாக எழுதினார்.

பெரிபெரிக் கதை இன்னும் நெருக்கமானது. நெகிரி செம்பிலானில் இருந்த மருத்துவர் பிரேடன் ஒன்றைக் கவனித்தார். புழுங்கலரிசி சாப்பிடும் தமிழருக்கு பெரிபெரி அரிதாகவே வருகிறது, தீட்டிய பச்சரிசி சாப்பிடும் சீனத் தொழிலாளர் அதனால் மடிகிறார்கள். 1907-இல் இதை அவர் நூலாக வெளியிட்டார். அதற்குச் சற்று முன் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பச்சரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பகுதியில் 18 பேர் இறந்தனர். 1909-இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும், அரிசியைத் தீட்டும்போது உயிருக்கு வேண்டிய ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று உறுதிப்படுத்தினர். வைட்டமின் என்ற சொல்லே அப்போது கிடையாது. நம் பாட்டிகளின் உலைப்பானையில் இருந்த விடைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அந்த 18 பேரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதற்குக் கையெழுத்துப் போடாது.

கவனித்தாயா? வேலையைத் தடுக்கும் நோய் உடனே ஆராய்ச்சிப் பொருளாயிற்று. இனிப்புநீர் போல மெல்லக் கொல்லும் நோய், அதுவும் ஓய்வுபெற்ற பிறகு கொல்லும் நோய், கேள்வியாக வெகுகாலம் பிடித்தது. பணம் கொடுப்பவர் கேட்ட கேள்விக்கு விடை வந்தது, கேட்காததற்கு வரவில்லை. அதனால்தான் உன்னைப் போல் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி விண்ணப்பதாரராக உட்காருவது எனக்குப் பெரிய செய்தி.

இனி உன் கேள்விக்கு வருவோம். பார்வைக்கு அது ஒன்று, உள்ளே நான்கு.

முதலாவது, சிறுநீரகத்தின் உயிரணுவில் என்ன நடக்கிறது, ஏன் சிலருக்கு மட்டும் விரைவாக நடக்கிறது என்பது. இது அடிப்படை ஆராய்ச்சி. உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். மானியம் இதற்காகவே 2006-இல் தொடங்கியது. அது கேட்பது புதிய அறிவு. உன் விண்ணப்பம் ‘இதை அளக்கப் போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் தோற்றுவிடும். ‘இதுவரை உள்ள விளக்கத்தில் இந்த இடம் பொருந்தவில்லை, என் கருதுகோள் இது’ என்று சொல்ல வேண்டும். முடிவில் கட்டுரைகளோடு முதுகலை அல்லது முனைவர் பட்ட மாணவரையும் உருவாக்கிக் காட்ட வேண்டும். தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கென்றே இதே குடும்பத்தில் தனிப் பிரிவும் வந்திருக்கிறது. அனுபவசாலிகளோடு மல்லுக்கட்டாமல் அந்த வரிசையில் நில்.

இரண்டாவது, சிறுநீரகம் கெடுவதை முன்கூட்டியே காட்டும் மலிவான சோதனை ஒன்றைச் செய்வது. இதற்கு பி.ஆர்.ஜி.எஸ். என்ற முன்மாதிரி மானியம் உண்டு. அறிவியல் தொழில்நுட்ப அமைச்சின் டெட்-1 போன்ற நிதிகளும் உண்டு. இவை கேட்பது பொருள். முடித்த அடிப்படை ஆராய்ச்சியின் முடிவு ஒன்று கையில் இல்லாமல் முன்மாதிரி மானியத்துக்குப் போகக்கூடாது. உன்னிடம் இப்போது அது இல்லை. ‘கருவி’ என்ற சொல்லைச் சேர்த்தால் பணம் பெரிதாகக் கிடைக்கும் என்று யாராவது யோசனை சொன்னால் புன்னகைத்து விலகிக்கொள்.

மூன்றாவது, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங் கிளினிக்குகளுக்கு வரும் இனிப்புநீர்க்காரர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை ஒழுங்காக நடக்கிறதா, முடிவு வந்த பின் மருந்து மாறுகிறதா என்பது. நான்கிலும் சீக்கிரம் உயிரைக் காப்பாற்றக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் எஃப்.ஆர்.ஜி.எஸ். மதிப்பீட்டாளர் இதைப் படித்தால் ‘இதில் புதிய கோட்பாடு எங்கே?’ என்று கேட்பார். அவர் கேட்பதும் நியாயமே. இது சுகாதார அமைச்சின் கேள்வி. அமைச்சின் ஆய்வு மானியம் அமைச்சு ஊழியர்களுக்கானது. ஆகவே கிளினிக்கில் ஆர்வமுள்ள ஒரு மருத்துவ அதிகாரியைக் கண்டுபிடி. அவர் தலைமை ஆய்வாளர், நீ துணை. பெயர் இரண்டாவதாக வருகிறதே என்று வருந்தாதே. ஷா ஆலம், செத்தியா ஆலமில் தேசிய சுகாதாரக் கழகங்களின் வளாகம் இருக்கிறது. ஜெரம் பக்கம் இருந்து போனாலும் தூரமில்லை. போய்ப் பேசு.

நான்காவது, ஒரு மக்கள் கூட்டத்தைப் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்ப்பது. எல்.ஆர்.ஜி.எஸ். போன்ற நெடுங்கால மானியம் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எடுக்கிற வேலை. நீ தனியாகத் தூக்க முடியாது. ஆனால் நீண்டகாலப் பணத்தின் மதிப்பைத் தெரிந்துகொள். கோலசிலாங்கூரிலிருந்து தலைநகர் போகும் பழைய சாலையில் சுங்கை பூலோ வருகிறதே, அங்கே 1930-இல் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 1964-இல் பெட்டிட், ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் டாப்சோன் மருந்துக்குக் கட்டுப்படாத தொழுநோய்க் கிருமி உண்டு என்பதைச் சோதனை மூலம் உலகுக்கு முதலில் நிரூபித்தது அங்கிருந்த நோயாளிகளை வைத்துத்தான். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் மருந்து கொடுத்துக் குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாமல் திரும்பிய நோய் எது, மருந்தையே மீறி வந்த நோய் எது என்று பிரிக்க முடிந்தது. இரண்டாண்டு மானியத்தில் அது நடந்திருக்காது.

அதற்காக நீ இருபதாண்டு காத்திருக்க வேண்டாம். பின்தொடரும் வேலையை ஏற்கெனவே செய்தவர்கள் இருக்கிறார்கள். தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் மலேசியக் கோஹார்ட் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலும் இரத்த மாதிரியும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இருக்கிற தரவைக் கேட்டு வாங்கி ஆராய்வது கௌரவக் குறைச்சல் இல்லை. சிறிய மானியத்தில் பெரிய விடை கிடைக்கும் வழி அது.

பணம் எவ்வளவு என்பதைவிட எந்தத் தலைப்பில் செலவழிக்கலாம் என்பதைப் பார். நம் மானியங்களில் செலவுத் தலைப்புகளுக்கு வோட் எண்கள் இருக்கின்றன: 11000 சம்பளம், 21000 பயணம், 27000 ஆய்வுப் பொருள்கள், 29000 சேவைகள், 35000 கருவி. ஆய்வகத்தில் வளர்ந்தவர்கள் பழக்கத்தால் எல்லாவற்றையும் 27000-இல் கொட்டுவார்கள். உன் ஆய்வு தோட்டத்துக்கும் தாமானுக்கும் போகிற ஆய்வு. பெட்ரோலுக்கும், வீடு வீடாகப் போகிற பெண்களின் கூலிக்கும், வந்து இரத்தம் கொடுக்கிறவர்களின் போக்குவரத்துக்கும், படிவத்தைத் தமிழாக்குவதற்கும் முதலிலேயே எழுது. பின்னால் ஒரு வோட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கடிதம் எழுதியே பாதி ஆண்டு போய்விடும்.

ஒப்புதல் படிவம் பற்றி ஒரு வார்த்தை. அமைச்சின் கிளினிக்கையோ அதன் நோயாளிகளையோ தொடும் ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மானியம் கிடைத்த பிறகு தொடங்கலாம் என்று இருந்துவிடாதே, மானியத்தின் கடிகாரம் உனக்காக நிற்காது. அனுமதி வாங்குவது சடங்கும் அல்ல. இன்று செம்பனைத் தோட்டத்து லயங்களில் இருப்பவர் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது அவர்கள் சொல்லும் ‘சரி’ ஒப்புதல் ஆகாது. நம் ஆச்சிகளும் டாக்டர் பிள்ளை கேட்கிறது என்பதற்காகவே கையை நீட்டுவார்கள். அவர்கள் மொழியில், மேலாளரும் மண்டோரும் இல்லாத இடத்தில், மறுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல். ஆய்வு முடிந்ததும் விடையைக் கட்டுரையில் போடுவதற்கு முன் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ கூட்டி அவர்களிடம் சொல். அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.

முதல் முறையே அமைச்சு மானியம் கிடைக்காமல் போகலாம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இளம் ஆய்வாளர் நிதி இருக்கும். தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜி.ஜி.பி.எம்., புத்ரா பல்கலைக்கழகத்தில் கெரான் புத்ரா, மற்றவற்றில் வேறு பெயரில். தொகை சிறிது. ஆனால் அதில் நாற்பது பேரிடம் ஒரு முன்னோட்டம் செய்து காட்டினால், அடுத்த விண்ணப்பத்தில் ‘செய்ய முடியும்’ என்று எழுத வேண்டியதில்லை, செய்ததை எழுதலாம். நிராகரிப்போடு மதிப்பீட்டாளர் குறிப்பு வந்தால் கோபம் ஆறியதும் எடுத்துப் படி. ‘தலைப்பு இந்த மானியத்துக்கு உரியதல்ல’ என்றிருந்தால் ஆய்வை மாற்றாதே, வாசலை மாற்று. ‘கேள்வி தெளிவில்லை’ என்றிருந்தால் வாசலை மாற்றிப் பயனில்லை.

விதிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். உச்சவரம்பு, காலம், வயது, வேலை நியமன நிபந்தனை எதையும் என் பேச்சை நம்பி எழுதாதே. இந்த ஆண்டு வழிகாட்டியை நீயே முழுதாகப் படி. பல்கலைக்கழகத்தின் உள் இறுதி நாள் அமைச்சின் இறுதி நாளுக்கு வெகுமுன்பே வந்துவிடும் என்பதையும் மறக்காதே.

என் தீர்ப்பு இதுதான். இந்த ஆண்டு முதல் கேள்வியோடு எஃப்.ஆர்.ஜி.எஸ். தொடக்கநிலைப் பிரிவுக்குப் போடு. பக்கத்திலேயே ஒரு கிளினிக் மருத்துவரோடு மூன்றாவது கேள்வியைத் தொடங்கு. மற்ற இரண்டும் காத்திருக்கட்டும். நூறாண்டுகளாக நம் தோட்டங்களில் கேள்வி கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள், நல்லதும் செய்தார்கள். இனி கேள்வி நம் வீட்டிலிருந்தும் போகட்டும். விண்ணப்பத்தின் முதல் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா