பேதியானால் எடை குறைந்ததாகுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ. தைராய்டு குறைவுக்குச் சில வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறேன். எந்நேரமும் வயிறு உப்புசம், மலச்சிக்கல். காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையைப் போட்டு, கையோடு வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிக்கிறேன். ஊறவைத்த வெந்தயமும் ஒரு ஸ்பூன். எடை அசையவே இல்லை. போன மாதம் தோழி ஒருத்தி எடை குறைக்கும் மூலிகை டீ வாங்கிக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது, வயிறும் லேசானது. நிறுத்தினால் மறுபடி ஏறிவிடுகிறது. தொடர்ந்து குடிக்கலாமா?
- வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: அந்த டீயை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். சென்னா என்றோ நிலவாகை என்றோ இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இத்தகைய டீக்கள் பலவற்றில் வேலை செய்வது அந்த இலைதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் விளைந்து வெளிநாடுகளுக்குப் போகும் இலை அது. உலக மருந்து வணிகத்தில் அதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணமும் அதிலிருந்து செய்வதே. மலச்சிக்கலுக்குச் சில நாட்கள் எடுத்துக்கொள்ள நல்ல மருந்து. எடைக்கு அது மருந்தே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். நாம் சாப்பிடும் சோறு, பருப்பு, எண்ணெய் எல்லாம் சிறுகுடலிலேயே செரித்து உடம்பில் சேர்ந்துவிடும். நிலவாகை வேலை செய்வது அதைத் தாண்டியிருக்கும் பெருங்குடலில். அங்கே வந்து சேரும்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நீரும் சக்கையும்தான். அதைத்தான் டீ வெளியே தள்ளுகிறது. உங்களுக்கு இறங்கிய இரண்டு கிலோவில் கொழுப்பு அநேகமாக இல்லை. தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடுவதற்கும் காரணம் இதுவே. மாதக்கணக்கில் இப்படிப் பேதியாக்கிக்கொண்டால் நீரோடு பொட்டாசியமும் போகும். தசைப்பிடிப்பு, அசதி, முற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும். அந்த டீ குடித்தால்தான் மலம் கழியும் என்ற நிலைக்கு வந்து நிற்பவர்களும் உண்டு.

இனி உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபிகூடக் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நீங்களோ மாத்திரையின் பின்னாலேயே தேன் நீரும் வெந்தயமும் சாப்பிடுகிறீர்கள். வெந்தயத்தின் கொழகொழப்பான நார்ச்சத்து மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடக்கூடும். தைராய்டு சரியாக ஈடுகட்டப்படாவிட்டால் குடல் மந்தமாகும், மலம் இறுகும், வயிறு உப்பும், எடையும் குறைய மறுக்கும். இத்தனை நாளும் எதற்காக மருந்து தேடினீர்களோ, அதற்கே இந்தக் காலைப் பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். மாத்திரை சாப்பிடும் முறையைச் சரிசெய்து, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வெந்தயத்தை விட வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். தேன் கொழுப்பைக் கரைக்காது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. எலுமிச்சை நீர் பிடித்தால் தேனில்லாமல் குடியுங்கள்.

உப்புசத்துக்குச் சீரகமும் ஓமமும் பெருங்காயமும் நம் வீடுகளில் காலங்காலமாகக் கைகொடுப்பவை. ஓமத்தின் காரமணத்துக்குக் காரணமான தைமால் என்ற பொருள் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தக்கூடியது. சாப்பிட்டபின் அரை ஸ்பூன் ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த நீர், அல்லது இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப்போட்ட நீர்மோர் குடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி, டீ நாளைக்கு எத்தனை முறை என்று நீங்கள் எழுதவில்லை. பாலின் சர்க்கரையைச் செரிக்க முடியாத பெரியவர்கள் நம்மிடையே ஏராளம். பத்து நாள் பாலை நிறுத்திப் பாருங்கள். உப்புசம் அடங்கினால் காரணம் தெரிந்துவிடும். தயிரும் மோரும் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது.

எடைக்கு வழி இரவுச் சாப்பாட்டில்தான் இருக்கிறது. எண்ணெயோடு சேர்த்து ஒரு தோசை 120 முதல் 150 கலோரி. நான்கு தோசையும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டுப் படுத்தால், காலையில் எந்தக் கஷாயமும் அதை ஈடுகட்டாது. இரவு எட்டு மணிக்குள் இரண்டு தோசை, கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ பாசிப்பயறோ, வாழைத்தண்டுப் பொரியலோ கீரையோ. வீட்டில் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். சாப்பிட்டபின் அரை மணி நேர நடை. வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும். மிக வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பாட்டி சொல்வார். தினமும் கொள்ளு ரசம் வைத்தால் தொப்பை கரையுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் பாட்டி சொன்னதில் கணக்குச் சரியாகவே இருக்கிறது. நூறு கிராம் எள்ளில் 500 கலோரிக்கு மேல் உண்டு. ஏறத்தாழ பாதி எண்ணெய். அதே எடை கொள்ளில் சுமார் 330 கலோரிதான். கொழுப்பு மிகக் குறைவு, புரதம் 20 கிராமுக்கு மேல். மெலிந்தவருக்கு எள்ளும் பருத்தவருக்குக் கொள்ளும் பொருந்துவது இதனால்தான்.

ஆனால் ரசத்தோடு நிறுத்திவிடாதீர்கள். புரதமும் நாரும் பெரும்பாலும் வெந்த பயறிலேயே தங்கிவிடும். கொங்குப் பக்கத்தில் கொள்ளைப் பருப்பாகக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுவீர்களே, அதுதான் சிறந்த வழி. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கடைந்த கொள்ளு வர வேண்டும். இருக்கிற சோற்றின் மேல் கொள்ளையும் சேர்த்தால் எடை கூடத்தான் செய்யும். இரவு முழுக்க ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டோ, முளைகட்டியோ வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். சிறுநீரக நோயால் புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே சாப்பிடவும்.

கேள்வி: ஆப்பிள் சிடர் வினிகர், குடம்புளி மாத்திரை - எது நல்லது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டும் வேண்டாம். வினிகர் குடித்தால் கிலோக்கணக்கில் எடை குறைவதாக 2024-ல் வெளியாகிப் பரபரப்பான ஓர் ஆய்வை, அதன் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று 2025-ல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுவிட்டது. நீர் கலக்காமல் குடித்தால் வினிகர் பல்லின் மேற்பூச்சை அரிக்கும்; தொண்டையும் புண்ணாகும்.

குடம்புளியை உங்கள் ஊர் மீன்குழம்பில் தாராளமாகச் சேருங்கள். அதன் சாரத்தைச் செறிவாக்கி விற்கும் மாத்திரைகள் வேறு ரகம். அவற்றைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மூன்று மாதமாக மலம் ஒருநாள் இறுகியும் ஒருநாள் இளகியும் போகிறது. எப்போதாவது ரத்தம் தென்படுகிறது. மூலம் என்று அவரே முடிவு செய்து தினமும் இரவு கடுக்காய்ப் பொடி சாப்பிடுகிறார். 78 கிலோ இருந்தவர் இப்போது 72. கடுக்காயால் தொப்பை குறைந்தது என்று சந்தோஷப்படுகிறார். மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. நானும் கடுக்காய் சாப்பிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: உங்கள் கேள்வியைவிட அப்பாவின் நிலைமை அவசரமானது. சாப்பாட்டைக் குறைக்காமல், கூடுதலாக நடக்காமல், மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைவது எந்த வயதிலும் நல்ல அறிகுறி இல்லை. அதோடு மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கிறது, ரத்தம் போகிறது, மூச்சு வாங்குகிறது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சோகை வந்திருக்கக்கூடும். மூலமாகவும் இருக்கலாம். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் இதே அடையாளங்களோடுதான் வரும். மூலம் என்று நினைத்துக் கூச்சத்தில் மறைத்து, முற்றிய பிறகு வருபவர்கள் நம் ஊரில் அதிகம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோய் அது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, காசநோய், தைராய்டு மிகைப்பு இவையும் எடையைக் குறைக்கும். அவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். இரைப்பை குடல் நோய்ப் பிரிவைக் கேளுங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரைப் பரிசோதனைகளோடு பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். எந்த மாதம் என்ன எடை, ரத்தம் எப்போதெல்லாம் தென்பட்டது, அது சிவப்பா கறுப்பா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடுக்காய் சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அப்பா தயங்கினால், இந்தப் பக்கத்தை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.