புது வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம்?



ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல் என்று லயத்துக் காம்பராவில் காலத்தை ஓட்டிவிட்டோம். இப்போது காணியில் தனிவீடு கட்டும்போது, "முன்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னலாக வைப்போமே" என்று ஆசைப்படுகிறோம். ஆசை நியாயமானதுதான். ஆனால் ஜன்னல் வைக்கும் பக்கம் பிழைத்தால், வீடு உள்ள காலமெல்லாம் கரண்ட் பில்லில் அதற்குக் காசு கட்டவேண்டி வரும். இதை விளங்கிக்கொள்ள, வெயில் கூடிய புத்தளம் கரையோரத்தை முதலில் பார்ப்போம்.

1. புத்தளம் கரையில்

முன்னேஸ்வரம் திருவிழாவுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தப் பக்கத்து வெக்கை தெரியும். சிலாபம், உடப்பு, கற்பிட்டி போன்ற ஊர்களில் முன்பு தென்னங்கிடுகு வீடுகள் நிறைய இருந்தன. கிடுகு வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். கல் வீட்டின் மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி வைத்தாலோ, பின்னேர வெயில் சாய்ந்து நேரே உள்ளே விழும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடேறிய தரையின் வெப்பத்தை லேசில் வெளியே விடாது. மூடிக் கிடக்கும் வீடு போறணை மாதிரி ஆகிவிடும். பிறகு ராத்திரி முழுக்க ஃபேன்தான்.

கணக்குப் பார்ப்போம். 70 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் 0.7 யூனிட். 30 நாளைக்கு 21 யூனிட். யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

அதே ஜன்னல் வடக்கு, தெற்குச் சுவர்களில் இருந்தால், அங்கே வெயில் உயரத்திலிருந்து வருவதால் இரண்டடித் தாழ்வாரமே பெரும்பாலும் மறைத்துவிடும்.

2. காற்றுக்கு இரண்டு வழி

மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கரையில் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். கற்பிட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். ஆனால் வீட்டுக்குள் காற்று நுழைய ஒரு வழியும், வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு வழியும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று சரியாக ஓடாது. முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில் அடுப்புப் புகை தங்கியதும் இதனால்தான்.

3. நம்முடைய மலையில்

நமக்கு வெக்கையைவிடக் குளிரும் இருட்டும்தான் தொல்லை.

• கிழக்கில் ஜன்னல் வையுங்கள். காலை வெயில் வீட்டைச் சூடாக்கும். பிள்ளைகள் பகலில் லைட் போடாமல் படிக்கலாம்.
• மழைச்சாரல் அடிக்கும் பக்கம் ஜன்னல் சிறிதாகவும், இறுக மூடக்கூடியதாகவும் இருக்கட்டும்.
• குசினியில் ஜன்னலோடு, எதிர்ச்சுவரில் உயரமாகப் புகை போகவும் துவாரம் விடுங்கள்.
• பெரிய கண்ணாடி வழியே ராத்திரி சூடு வெளியேறும். தடித்த திரைச்சீலை போடுங்கள்.

4. கரண்ட் எங்கிருந்து வருகிறது?

புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் உள்ள அனல் மின்நிலையம் 2011-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள். எரிப்பது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி. பகலில் நாம் வீணாக எரிக்கும் லைட்டிலும் அந்த நிலக்கரியின் விலை இருக்கிறது.

செய்து பாருங்கள்

அத்திவாரம் வெட்டுமுன் காலை 8 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் குடும்பமாகக் காணியில் போய் நில்லுங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்றும் சாரலும் எங்கிருந்து வருகின்றன என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அதை மேசனுக்குக் காட்டுங்கள். சுவர் எழும்பிய பிறகு ஜன்னலை மாற்றுவது பெருஞ்செலவு. இப்போது பேசுவதற்குச் செலவில்லை.