பேட்டரியில் பறக்கும் விமானம்



போன மாதம் நான் ஒரு விமானத்தை உடைத்துவிட்டேன். சிரிக்காதீங்க, நிஜம்தான். ஒரு மீட்டர் நீள இறக்கை உள்ள, பேட்டரியில் ஓடி, ரிமோட் சொல்கிறபடி பறக்கிற மாதிரி விமானம். எங்க பெரியப்பா மகன், அதாவது அண்ணா செய்தது. "ஏன் உடைஞ்சதுன்னு நாலு பேருக்குப் புரியிற மாதிரி எழுதிக் காட்டு பாப்பா, அப்புறம்தான் ரிமோட்டைத் தொடணும்" என்று அண்ணா சொல்லிவிட்டார். இம்போசிஷன் மாதிரிதான். ஆனால் எழுத எழுத எனக்கே பல விஷயம் இப்போதுதான் புரிகிறது.

அண்ணா சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யில் படிக்கிறார். அப்துல் கலாம் ஐயா 1950களில் விமானப் பொறியியல் படித்த அதே கல்லூரி. அங்கே கலாம் ஐயாவும் நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து, தாழப் பறந்து தாக்கும் ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார்களாம். பேராசிரியர் சீனிவாசன் பார்த்துவிட்டு, "இது சரியில்லை, மூணு நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும்" என்று சொல்லிவிட்டாராம். ராத்திரி சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வரைந்ததாகக் கலாம் ஐயா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதைவிட என் தண்டனை பரவாயில்லை.

அதே கல்லூரியில் 'தக்‌ஷா' என்று ஒரு மாணவர் குழு உண்டு. ஆளில்லா விமானம் செய்கிறவர்கள். நடிகர் அஜித்குமாருக்கு மாதிரி விமானம் விடுவது சின்னப் பழக்கம் இல்லை, பெரிய ஈடுபாடு. 2018-ல் அவர் இந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்த போட்டியில் தக்‌ஷா இரண்டாம் இடம் பெற்றது. தூரத்தில் இருக்கும் நோயாளிக்கு உதவுவதற்காக, விமானம் தானாகப் பறந்து போய் வரவேண்டும் என்பது போட்டி. அண்ணா அந்தக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டதே இதைக் கேட்டுத்தான்.

இனி பாடத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்தில் படம் பிடிக்கிற ட்ரோன் வேறு, இது வேறு. ட்ரோனுக்கு மேலே பார்த்த மாதிரி நாலு விசிறி. அது நின்ற இடத்திலேயே எழும்பும். கையை எடுத்தாலும் உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் சாயாமல் பார்த்துக்கொள்ளும். எங்க விமானத்தில் அப்படி யாரும் உள்ளே இல்லை. முன்னால் ஓடினால்தான் இறக்கைக்கு வேலை. டி.வி.எஸ். 50 பின்னால் உட்கார்ந்து போகும்போது உள்ளங்கையைக் காற்றில் லேசாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், கை தானே மேலே எழும். (பஸ்ஸில் செய்யாதீர்கள், கண்டக்டர் திட்டுவார்.) கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. இறக்கை செய்வதும் இதைத்தான். வேகம் குறைந்தால் தூக்குவதும் குறையும்.

உடம்பும் இறக்கையும் தெர்மாகோல். இறக்கைக்குள் முறியாமல் இருக்க மூங்கில் சிம்பு. ஒட்டுவதற்கு ஃபெவிக்கால்தான். நான் அவசரத்துக்கு ஃபெவிக்விக் விட்டேன். தெர்மாகோல் சர்ர் என்று கரைந்து, எலி கடித்த மாதிரி ஓட்டை விழுந்துவிட்டது. ஃபெவிக்கால் ஒட்ட ஒரு ராத்திரி ஆகும், காத்திருக்கத்தான் வேண்டும். திருப்பும் கம்பிகள் எல்லாம் பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி. மோட்டார், பேட்டரி எல்லாம் அண்ணா சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது.

மோட்டார் நம்ம அறிவியல் புத்தகத்தில் இருக்கிற மோட்டார் மாதிரி இல்லை. புத்தகத்து மோட்டாரில் கம்பிச்சுருள் சுற்றும், காந்தம் சும்மா நிற்கும். சுருளுக்கு மின்சாரம் கொடுக்கத் தூரிகை உண்டு. இதில் தலைகீழ். சுருள் நடுவில் சும்மா இருக்க, காந்தம் ஒட்டிய வெளிமூடி சுற்றுகிறது. தூரிகையே கிடையாது, அதனால் உரசித் தேய்வதும் இல்லை. மூன்று ஒயர் வெளியே வரும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அதில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் போதும். மோட்டார் மேல் 1000 கே.வி. என்று போட்டிருக்கும். நான் கிலோவோல்ட் என்று நினைத்துப் பயந்துபோனேன்! அது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று என்று அர்த்தம். எங்க பேட்டரி 11.1 வோல்ட். அப்போ விசிறி மாட்டாமல் 11,100 சுற்று. விசிறி மாட்டினால் குறையும், ஆனாலும் ஒரு வினாடிக்கு 100 சுற்றுக்கு மேலே. விரலை வைத்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. வீட்டுக்குள் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இது அண்ணாவின் முதல் சட்டம்.

பேட்டரி லித்தியம் பாலிமர். மூன்று அறை, ஒவ்வொன்றும் 3.7 வோல்ட். முழுசா ஏறினால் ஒரு அறைக்கு 4.2. மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் பேட்டரி கெட்டுவிடும். அதனால் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே தரைக்கு வந்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் பறக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு. பேட்டரியில் 2200 மில்லி ஆம்பியர் மணி என்று இருக்கிறது. அதாவது 2.2 ஆம்பியர் மணி. மோட்டார் சராசரியாக 15 ஆம்பியர் இழுத்தால், 2.2-ஐ 15-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 8.8 நிமிடம். அதில் ஐந்தில் நாலு பங்கு மட்டும் எடுத்துக்கொண்டால் ஏழு நிமிடம். அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க ஒட்டி, ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு, ஏழு நிமிடம்! ஆயா, "இதுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டார்கள்.

பழைய காலத்தில் இதுவும் கிடையாது. 1957-ல் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர்தான் மின்சாரத்தில் ஓடும் ரேடியோ விமானத்தை முதலில் பறக்கவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அவருடைய பேட்டரி வெள்ளியும் துத்தநாகமும் சேர்ந்தது. விலையும் அதிகம். அதனால் ரொம்ப வருஷம் எல்லாரும் புகை கக்கும் சின்ன எண்ணெய் இன்ஜினைத்தான் வைத்துப் பறக்கவிட்டார்கள். எடை குறைந்த லித்தியம் பேட்டரி வந்த பிறகுதான் மின்சார விமானம் எங்க அண்ணா மாதிரி ஆட்கள் கைக்கு வந்தது. ஆனால் கோபக்காரப் பேட்டரி. உப்பினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். நாங்கள் சார்ஜ் போடுவது சிமெண்டுத் தரையில், மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். மெத்தை மேல் கூடவே கூடாது.

மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு கருவி இருக்கும். ரிமோட் சொல்வதைக் கேட்டு வாங்க ரிசீவர். வாங்கியதைச் செய்ய செர்வோ. தீப்பெட்டியைவிடச் சின்னதாக 9 கிராம் எடையில் ஒரு மோட்டார், ஒரு கை அசைகிற மாதிரி கொம்பு. அந்தக் கொம்பில்தான் சைக்கிள் கம்பி மாட்டி, வால் மடிப்பையும் இறக்கை மடிப்பையும் அசைக்கிறோம்.

எல்லாம் ஒட்டி முடித்தவுடன் பறக்கவிடலாமா? கூடாது. முதலில் எடை சமன். எங்க இறக்கையின் அகலம் 20 செ.மீ. முன்ஓரத்திலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில், அதாவது 5 முதல் 6.6 செ.மீ.க்குள், விமானத்தின் எடை மையம் இருக்கவேண்டும். 5.5 செ.மீ.யில் இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்து, பேட்டரியோடு சேர்த்து இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பார்க்கவேண்டும். மூக்கு ஒரு பொட்டு தாழ்ந்து நின்றால் நல்லது. வால் தொங்கினால் எறிந்த உடனே மூக்கை மேலே தூக்கி, வேகம் செத்து, பொத்தென்று விழும். அதற்காகக் கல்லைக் கட்ட வேண்டாம், பேட்டரியை முன்னால் நகர்த்தினால் போதும். ஒரு செ.மீ. நகர்த்தினாலே வித்தியாசம் தெரிகிறது.

அடுத்ததுதான் நான் கோட்டை விட்ட இடம்.

இறக்கை இரண்டின் பின்ஓரத்திலும் ஒரு மடிப்பு உண்டு. எய்லரான் என்று பெயர். ஒன்று மேலே போனால் மற்றது கீழே போகும். விமானத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ரிமோட் குச்சியை வலப்பக்கம் தள்ளினால், வலது மடிப்பு மேலே எழவேண்டும். எழுந்த பக்கம் தூக்குவிசை குறையும், அந்த இறக்கை தாழும், விமானம் வலப்பக்கம் திரும்பும். நாங்கள் இரண்டு மடிப்புக்கும் சேர்த்து நடுவில் ஒரே செர்வோதான் வைத்திருந்தோம். அது ஒட்டுவிட்டு ஆடியது. அண்ணா ஊருக்கு வருவதற்கு முன்னால் சரிபண்ணி வைத்து நல்ல பேர் வாங்கலாம் என்று நான் கழற்றித் திரும்ப ஒட்டினேன். ஒட்டும்போது கொம்பு எதிர்ப்பக்கம் வருகிற மாதிரி திருப்பி ஒட்டியிருக்கிறேன். அது எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. மக்காச்சோளம் அறுத்துச் சும்மா கிடந்த எங்க மேட்டாங்காடு. அண்ணா, "எல்லாம் பார்த்தாச்சா பாப்பா?" என்று கேட்டார். "பாத்துட்டேண்ணா" என்றேன். பொய் இல்லை, பார்த்தேன்தான். குச்சியைத் தள்ளினேன், மடிப்பு அசைந்தது. அசையுதான்னு பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் அசையுதுன்னு பார்க்கலை.

அண்ணா காற்றுக்கு எதிராக எறிந்தார். ஒரு பனைமர உயரம் ஏறியது. லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. நான் இடப்பக்கம் தள்ளினேன். இன்னும் வலப்பக்கம் சாய்ந்தது. பயத்தில் இன்னும் நல்லா இடப்பக்கம் தள்ளினேன். இறக்கை செங்குத்தாக நின்றது. வரப்பில் ஆட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த தாத்தாவின் தலைக்கு மேலே ஆள் உயரத்தில் வீர் என்று போய், பக்கத்துக் குச்சிக்காட்டுக்குள் விழுந்தது. எறிந்ததிலிருந்து விழுந்தது வரை பத்து வினாடிகூட இருக்காது.

தாத்தா துண்டைத் தட்டிக்கொண்டு எழுந்து, "என்ன சாமி, கழுகா?" என்றார். எனக்குக் கால் நடுங்கியது. மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அண்ணாதான் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினார். இடது இறக்கை இரண்டு துண்டு, விசிறி பாதி. கிழங்குச் செடி நாலு ஒடிந்திருந்தது. அதற்கு அப்பா போய்ப் பேசினார்.

அண்ணா திட்டவில்லை. ரிமோட்டில் 'ரிவர்ஸ்' என்று ஒரு அமைப்பு இருப்பதைக் காட்டினார். கொம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் அதில் ஒரு பட்டனை அழுத்தினால் திசை மாறிவிடும். அரை நிமிட வேலை. அதுதான் எனக்கு அழுகை வந்த இடம். விமானம் போனால் ஒட்டிக்கலாம். தாத்தா அந்த நேரம் எழுந்து நின்றிருந்தால்?

இப்போது நான் மனப்பாடமாகச் சொல்வேன். முதலில் ரிமோட்டை ஆன் செய்யவேண்டும், வேகக் குச்சி அடியில் இருக்கவேண்டும், பிறகுதான் விமானத்தில் பேட்டரி. நிறுத்தும்போது முதலில் பேட்டரி, கடைசியாக ரிமோட். விமானம் ஒரு நிமிடம்கூட யாரும் சொல்லாமல் விழித்திருக்கக் கூடாது. வலம் தள்ளினால் வலது மடிப்பு மேலே. குச்சியை நம்ம பக்கம் இழுத்தால் வால் மடிப்பு மேலே. இதைக் கையால் காட்டி வாயால் சொல்லவேண்டும், இன்னொருவர் கேட்கவேண்டும். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் தானே நிற்கிறதா என்றும் தரையில் வைத்தே பார்க்கவேண்டும். அப்போது ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

பறக்கும்போது இன்னொரு சங்கடம். விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலம் வலம்தான். நம்மை நோக்கி வரும்போது மாறிவிடும், கண்ணாடியில் தலை சீவுகிற மாதிரி. அதற்கு அண்ணா சொன்ன வழி: நம்மை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, நிமிர்ந்துவிடும். முட்டுக்கொடுக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

காலம், இடமும் பார்க்கவேண்டும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தெர்மாகோல் எம்மாத்திரம்? தை, மாசியில் விடிகாலை நல்லது. கரண்டு கம்பி, ரோடு, ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. அரசாங்கம் 2021-ல் ட்ரோன் விதிகள் கொண்டுவந்தது. அதில் மாதிரி விமானத்துக்கும் இடம் இருக்கிறது: 25 கிலோவுக்கு மேல் போகாமல், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் மட்டும். பச்சை மண்டலம் என்று குறித்த இடத்தில் 400 அடி உயரம்தான் எல்லை. விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு அதிகம். சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கிறது, கெங்கவல்லிக்கு ரொம்பத் தூரம். ஆனாலும் வரைபடத்தில் நம்ம ஊர் எந்த நிறம் என்று அண்ணா பார்த்துவிட்டுத்தான் விடுகிறார். எங்களுக்கு 400 அடி தேவையே இல்லை, இரண்டு பனைமரம் போதும்.

இறக்கையை ஒட்டியாகிவிட்டது, இந்த முறை ஃபெவிக்காலில். விசிறி புதுசு. அண்ணா இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு "மோட்டார் பத்தி எழுதினது சரி, கையெழுத்துதான் கோழி கிறுக்கல்" என்றார். வர்ற சனிக்கிழமை காலை ஆறரைக்கு அதே மேட்டாங்காட்டில் பறக்கவிடுகிறோம். தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லியாச்சு, அன்றைக்கு ஆட்டை ஆற்றுப் பக்கம் ஓட்டுகிறாராம். பார்க்க வருகிறவர்கள் வரலாம். ஆனால் எனக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். மடிப்பு எந்தப் பக்கம் எழுகிறது என்று நான் சத்தமாகச் சொல்லும்போது, தப்பாகச் சொன்னால் யாராவது கத்துங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி