ஆறு சிலிண்டர்கள் ஏன்?

சைக்கிள் மிதிக்கும்போது, ஒரு கால் மேலும் ஒரு கால் கீழும் நேராக நிற்கும் கணத்தில் விசை தளர்கிறதல்லவா? கார் எஞ்சினிலும் அப்படியே.

நான்கு வீச்சுகள் முடிய எஞ்சின் தண்டு 720 பாகை சுழல வேண்டும். அதில் ஆற்றல் வீச்சு 180 பாகை மட்டுமே. நான்கு சிலிண்டர்களில் 180 பாகைக்கு ஒரு தள்ளல். ஒன்று ஓய்ந்த பின்பே அடுத்தது. ஆறு சிலிண்டர்களில் 120 பாகைக்கு ஒன்று. முதல் தள்ளல் முடியுமுன் அடுத்தது கைகொடுக்கும். ஓட்டம் சீராகும்.

இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் 1948இல் வெளியிட்ட எக்ஸ்.கே. எஞ்சினில் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நின்றன. வெடிக்கும் முறை 1-5-3-6-2-4. அடுத்தடுத்த சிலிண்டர்கள் தொடர்ந்து வெடிக்காததைக் கவனியுங்கள்.

சிலிண்டரின் விட்டம் 83 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 106 மி.மீ. ஆறின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு? கணக்கிடுங்கள்!

(விடை: சுமார் 3,440 க.செ.மீ.)