உயர்த்திய பிக்கப் வண்டியில் குறுக்குத் தண்டு பூட்டும் முறை

ஊவா மாகாணக் கமக்காரர்களுக்கான அறிவுரை

வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பகுதிகளில் பெரும்போக நெல்லை அறுத்த வயல்களிற் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும், போஞ்சி, கோவா, தக்காளி முதலிய மரக்கறிகளும் பயிராகின்றன. விளைந்த பொருளைக் கெப்பெட்டிப்பொலப் பொருளாதார மத்திய நிலையத்திற்கோ பதுளைச் சந்தைக்கோ கொண்டுசேர்க்கப் பலர் பிக்கப் வண்டியை நம்பியிருக்கின்றனர். தோட்டப் பாதைகளிலுள்ள பள்ளங்களிலும் பாறைகளிலும் வண்டியின் அடிப்பாகம் தட்டாதிருக்கும்பொருட்டு, நீளமான சுருள்வில்களைப் பூட்டி வண்டியை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தும் வழக்கமும் உண்டு. அவ்வாறு உயர்த்தியபின் செய்யவேண்டிய ஒரு முக்கியமான வேலையைச் சிலர் செய்யாது விட்டுவிடுகின்றனர். அதனையே இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

குறுக்குத் தண்டு என்பது யாது?

சுருள்வில் வண்டியின் பாரத்தைத் தாங்குமேயன்றி, அச்சு இடம் வலமாக நகர்வதைத் தடுக்கமாட்டாது. அந்த வேலையைச் செய்வது, ஒரு முனை வண்டியின் சட்டத்திலும் மறுமுனை அச்சிலும் பூட்டப்பட்ட ஓர் இரும்புத் தண்டாகும். கராஜ்களில் இதனைப் பான்ஹார்ட் றொட் என்றும் ட்றாக் பார் என்றும் வழங்குவர்.

எல்லா வண்டிகளிலும் இது இருப்பதில்லை. 1983ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய சுருள்வில் லாண்ட் ரோவர் வண்டிகளிலும், 1990இல் டிஃபென்டர் எனப் பெயர் பெற்று 2016 வரை உற்பத்தியான அவற்றின் வழிவந்த வண்டிகளிலும் முன்னச்சில் இத்தண்டு உண்டு. அவற்றுக்கு முந்திய சீரிஸ் லாண்ட் ரோவர்களில் தட்டுவில்களே அச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆதலால் தண்டு இல்லை. முன்சில்லுகள் தனித்தனியே அசையும் இக்கால டபள்கெப் வண்டிகளின் முன்புறத்திலும் இது இராது. ஆகவே முதலில் உமது வண்டியின் கீழே பார்த்து, தண்டு உண்டா என்பதை அறிந்துகொள்க. இல்லையாயின் இவ்வறிவுரை உமது வண்டிக்குப் பொருந்தாது.

உயர்த்தினால் நேர்வது என்ன?

சுவரிற் சாத்திய ஏணியை நினைத்துப் பாருங்கள். ஏணியின் தலையை மேலே உயர்த்தினால், அதன் அடி சுவரை நோக்கி நகரும். ஏணியின் நீளம் மாறுவதில்லை. குறுக்குத் தண்டும் அவ்வாறே. சட்டம் உயர்ந்ததும் தண்டு மேலும் சரிந்து நிற்கும். அதனால் அச்சு முழுவதும், சட்டத்தில் தண்டு பூட்டியுள்ள பக்கமாக இழுக்கப்படும்.

ஓர் உதாரணம் கூறுவோம். தண்டின் நீளம் 36 அங்குலம். உயர்த்துவதற்கு முன் அதன் ஒரு முனை மறுமுனையைவிட 3 அங்குலம் உயரத்தில் இருந்தது என்க. வண்டியை 3 அங்குலம் உயர்த்தினால், முனைகளின் உயர வேறுபாடு 6 அங்குலமாகும். இதனால் அச்சு ஏறத்தாழ 3/8 அங்குலம், அதாவது 10 மில்லிமீற்றரளவு, ஒரு புறம் நகரும். அதே வண்டியை மேலும் உயர்த்தினால், ஒவ்வோர் அங்குலத்துக்கும் நகர்வு முன்னையதிலும் கூடுதலாகும்.

இது சிறிய அளவுதானே என்று எண்ணலாகாது. அச்சு நகர்ந்த வண்டி நேராகச் செல்லும்போது ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும். முழுவதும் திருப்பும்போது ஒரு பக்கத்து டயர் சட்டத்திலோ மட்காட்டிலோ உராயக்கூடும். ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையிலிருந்து 680 மீற்றரளவில் உள்ள பதுளைக்குப் பாரத்துடன் இறங்கும் பாதையில், வளைவுக்கு வளைவு இக்குறைபாடு சாரதியின் கையைச் சோதிக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க தண்டைப் பூட்டுவதால் அச்சு மீண்டும் நடுவே நிற்கும்.

அளக்கும் முறை

சமமான சீமெந்துத் தரையில், பாரம் ஏற்றாத வண்டியை நிறுத்துக. டயர்களின் காற்று இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். வில்கள் தமது நிலையில் அமரும்பொருட்டு வண்டியைச் சிறிது தூரம் முன்னும் பின்னும் ஓட்டி, சில்லுகளை நேராக்கி நிறுத்துக. பின்னர் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டை மட்காட்டின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் சில்லின் இரும்பு விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுக. மறுபுறமும் அதே இடத்தில் அளக்க.

இங்கே பலர் தவறு செய்கின்றனர். இருபுற அளவுகளின் வேறுபாடு அச்சு நகர்ந்த தூரமன்று, அதன் இருமடங்காகும். ஒருபுறம் 1 அங்குலமும் மறுபுறம் 1 3/4 அங்குலமும் இருப்பின், வேறுபாடு 3/4 அங்குலம். அச்சு நகர்ந்தது 3/8 அங்குலமே. வண்டியை உயர்த்துவதற்கு முன்னரே இவ்வளவுகளை எடுத்து வைத்தல் மிக நன்று. பழைய வண்டிகளின் உடல் முன்னரே சற்றுக் கோணலாக இருக்கக்கூடும்.

பூட்டும் முறை

1. கைத்தடையை இறுக்கி, பின்சில்லுகளின் இருபுறமும் கட்டை வைக்க. வண்டி தன் சில்லுகளின்மீதே நிற்கட்டும். ஜாக்கினால் உயர்த்திய வண்டியின் கீழே, உறுதியான தாங்கிகள் இல்லாமல் ஒருபோதும் நுழையாதீர்.

2. பழைய தண்டின் இரு போல்ட்டுகளையும் கழற்றுக. போல்ட்டு இறுகியிருப்பின், ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது அசைக்க, அது தளர்ந்து வரும்.

3. தண்டு பூட்டும் தாங்குதட்டுகளை நன்கு துடைத்துப் பார்க்க. துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தாலும், ஒட்டில் வெடிப்பு இருந்தாலும், அதனைத் திருத்தும்வரை புதிய தண்டைப் பூட்டலாகாது.

4. பழைய தண்டின் இரு துளைகளின் மையங்களுக்கிடையே அளந்து, புதிய தண்டை முதலில் அதே நீளத்துக்கு அமைக்க. பின்னர் அச்சு நகர்ந்த அளவுக்கு அதனை நீட்டுக. மேற்கூறிய உதாரணத்தில் இது 3/8 அங்குலம். தயாரிப்பாளர் குறித்த எல்லைக்கு அப்பால் மரை வெளியே வரலாகாது.

5. சட்டத்துப் பக்க முனையை முதலிற் பூட்டுக. பின்னர் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி, அச்சுப் பக்கத் துளையை ஒத்துவரச் செய்து போல்ட்டைச் செருகுக. துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தல் கூடாது.

6. வண்டியை மறுபடி ஓட்டி நிறுத்தி அளந்து பார்க்க. அளவு சரியானதும் பூட்டு நட்டுகளை இறுக்குக. வண்டியின் பாரம் சில்லுகளின்மீது இருக்கையிலேயே போல்ட்டுகளைக் கைந்நூலிற் குறித்த அளவுக்கு இறுக்குதல் வேண்டும். சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால், இறப்பர் புஷ்கள் எப்போதும் முறுகி நின்று விரைவிற் கிழியும்.

7. ஸ்டியரிங்கை இரு எல்லைவரையும் திருப்பி, தண்டு எதிலும் முட்டாதிருப்பதைக் காண்க. வளையம் கோணலாக நிற்பின், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சில்லுக்குச் செல்லும் தண்டின் நீளத்தைத் திருத்துவித்து, சில்லுகளின் ஒழுங்கையும் கராஜில் பார்ப்பித்துக்கொள்க.

ஒரு கிழமை ஓடியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் சோதிக்க. பின்னர் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவ்வாறே செய்க.

இத்தண்டு எதனைத் திருத்தமாட்டாது?

குறுக்குத் தண்டை நீட்டுவதால் அச்சு நடுவே நிற்குமேயன்றித் தண்டின் சரிவு நீங்குவதில்லை. அது ஸ்டியரிங் தண்டுடன் ஒரே சரிவில் இல்லாவிடின், பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்ப முயலும். அவ்வாறாயின் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும். தேய்ந்த புஷ்ஷினாலும் மூட்டுகளினாலும் உண்டாகும் நடுக்கத்தையும் இது போக்காது. வண்டியை உயர்த்தியபின் பிரேக் குழாய்கள் இழுபடாதிருப்பதையும் தவறாது பார்க்க.

யாவற்றினும் மேலாக ஒன்றை மறவற்க. உயர்த்திய வண்டியின் பாரமும் உயர்ந்தே நிற்கும். வளைவிற் கவிழும் அபாயம் கூடும். மூடைகளைத் தட்டுக்கு மேல் அடுக்கி, அவற்றின்மீது தோட்டத்துப் பிள்ளைகளையும் தொழிலாளரையும் ஏற்றிச் செல்லல் எந்தத் தண்டினாலும் தடுக்கவியலாத ஆபத்தாகும். பாதையின் வடிகாலை வெட்டிப் பள்ளங்களைக் கல்லிட்டு நிரப்புவதாற் குறை தீருமாயின், வண்டியை உயர்த்தாது விடுதலே சிறந்தது. உயர்த்தவே வேண்டுமாயின், வேலை தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உமது காப்புறுதி நிறுவனத்திலும் அனுமதி பற்றிக் கேட்டறிக.

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் இவ்வேலையை முடித்தல் நன்று. எடுத்த அளவுகளையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்திருப்பீராயின், அடுத்த முறை சோதிக்கும்போது அச்சு மீண்டும் நகர்ந்துள்ளதா என்பதை உடனே அறிந்துகொள்வீர்.