கடன் யாருக்கு?

பருத்தித்துறை

அன்புள்ள பிள்ளைக்கு,

உள்ளகப் பயிற்சி முடிந்துவிட்டது, இங்கிலாந்துப் பரீட்சைக்குக் காசு கட்டிவிட்டேன் என்று நீ எழுதியதை வாசித்தேன். சந்தோசம். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "இந்த நாடு எனக்கு என்ன செய்தது பெரியப்பா?" என்று. மூன்று நாளாக அந்த வரியோடுதான் இருக்கிறேன்.

கேட்க உனக்கு எல்லா நியாயமும் உண்டு. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, மருந்து எல்லாவற்றுக்கும் வடக்கில் தடையும் கட்டுப்பாடும். நான் அப்போது அரச மருந்தாளன். வெறும் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு "நாளைக்கு வாங்கோ" என்று சொன்ன வாய் இது. உன் அப்பா ஜாம் போத்தல் விளக்கில்தான் உயர்தரம் படித்தான். பிறகு 2022 வந்தது. அந்த முறை குண்டும் இல்லை, தடையும் இல்லை. தொற்றுக்காலம் நாட்டை வாட்டியது உண்மைதான். ஆனால் கொழும்பில் எடுத்த முடிவுகள்தான் எங்களைக் குழியில் தள்ளின. 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்துத் திறைசேரியைக் காலியாக்கினார்கள். 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி வயலைக் கெடுத்தார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தார்கள். அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, எங்கள் கரையில் எத்தனை வள்ளங்கள் கவிழ்த்தபடியே கிடந்தன என்று நீயே பார்த்தாய்.

ஆனாலும் பிள்ளை, நாடு என்று நீ சொல்லும்போது உன் கண்ணில் தெரிகிறது அரசாங்கம். எனக்குத் தெரிகிறது வேறு ஆட்கள்.

கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. முதலாம் வகுப்பிலிருந்து மருத்துவ பீடம் வரை நீ கட்டணம் கட்டவில்லை. அந்தச் செலவை எந்த மந்திரியும் தன் மடியிலிருந்து எடுத்துத் தரவில்லை. இந்த நாட்டு வரியில் பெரும்பங்கு மறைமுக வரி. சீனி, பால்மா, சவர்க்காரம் வாங்குகிற ஒவ்வொருவரும் கட்டுவது. நீ எடுத்த மகாபொலப் புலமைப்பரிசில் பணத்துக்குள் லொத்தர் சீட்டு விற்ற காசும் இருக்கிறது. பஸ் நிலையத்தில் வெயிலுக்குள் நின்று அந்தச் சீட்டை வாங்குகிறவர்கள் யார் என்று உனக்குத் தெரியும்.

இன்னும் மேலே போ. மருந்து இறக்க டொலர் வேண்டும். நெடுங்காலம் அந்த டொலரை உழைத்துத் தந்தது மலையகத்துத் தேயிலை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அப்போது அரசாங்கத்தின் பக்கம் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இதை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில்தான். அதுவரை, இலவசக் கல்விக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்த பெண்ணின் பிள்ளைக்கு அந்தக் கல்வி சரியாகக் கிடைக்கவில்லை. உன் கடன் அந்தப் பெண்ணுக்கு. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எங்கள் சனம் நன்றியைக் கொண்டுபோய் ஆளுகிறவன் காலடியில் வைக்கிறது. எங்கள் காசில் போட்ட றோட்டைத் திறக்க வருகிறவனுக்கு நாங்களே மாலை போடுகிறோம். கணக்குக் கேட்டவனை நன்றி கெட்டவன் என்கிறோம். கடன்பட்டது சனத்திடம் என்றால், அந்தச் சனத்தின் காசு எங்கே போனது என்று கேட்பதுதான் நன்றி.

நான் கேட்கவில்லை. முப்பது வருஷம் இல்லாத மருந்துகளின் பெயரைப் புத்தகத்தில் எழுதினேன், கையெழுத்து வைத்தேன், மூடினேன். மேலிடம் விசாரிக்கவில்லை, நானும் விடாமல் எழுதிக் கேட்கவில்லை. சண்டைக்காலத்தில் கேட்கப் பயம், சரி. 2009க்குப் பிறகும் ஏன் கேட்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். பொருளாதாரம் விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஜூலியன் போலிங் என்ற முன்னாள் நீச்சல் வீரரும் ஒருவர். 2023 நவம்பர் 14இல் தீர்ப்பு வந்தது. ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று ஐந்து நீதியரசர்களில் நால்வர் எழுதினார்கள். மனுதாரருக்கு வழக்குச் செலவு மட்டும் கிடைத்தது. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. ஆனாலும் பெயர் சொல்லி எழுதப்பட்டுவிட்டது பிள்ளை; இனி அதை அழிக்க ஏலாது.

நீ அங்கே போனபின் இங்கே வாக்களிக்க முடியாது, வெளிநாட்டிலிருந்து வாக்குப்போட எங்களுக்கு வழி இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதிக் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். போன வருஷம் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். முதலில் பதிலே வரவில்லை. மேன்முறையீடு செய்தபின் ஒரு தாள் வந்தது, பாதி விபரத்தோடு. மற்றப் பாதியைக் கேட்டு இப்போது ஒரு வரைவு எழுதியிருக்கிறேன்: எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்து, எத்தனை நாள் கையிருப்பில் இல்லாமல் இருந்தது, எப்போது கேட்டு அனுப்பினார்கள், எப்போது வந்தது.

வரைவை இதோடு வைத்திருக்கிறேன். இன்சுலின் வகைகளின் பெயர்கள் நான் வேலைசெய்த காலத்துக்குப் பிறகு நிறைய மாறிவிட்டன. பார்த்துத் திருத்தி, விடுபட்டதைச் சேர்த்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. கீழே இரண்டு பேர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா